வாந்திக்கு ஏன் 'த்ரோ அப்'? வால் முளைத்த ஆங்கில வினைகளும் ஸ்பானிஷ்காரர்களும்

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். ஸ்பெயினிலிருந்து ஒரு தோழி எங்கள் வார்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண். டாக்டர்கள் எழுதுவதை என்னைவிட வேகமாகப் படிக்கிறாள். ஆனால் நோயாளி வாயைத் திறந்தால் திருதிருவென்று விழிக்கிறாள். 'த்ரோ அப்' மாதிரி ஒரு வினையோடு குட்டிச் சொல் சேர்ந்து பொருளே மாறிவிடும் ஃப்ரேசல் வெர்பும், மரபுத்தொடரும்தான் தன்னைக் கொல்கின்றன என்கிறாள். 500 ஃப்ரேசல் வெர்ப் கொண்ட ஒரு பட்டியலை வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். இது பலன் தருமா? நான் எப்படி உதவலாம்?

பதில்:

முதலில் அந்தப் பட்டியலை அவரிடமிருந்து வாங்கி ஒளித்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்பெயினில் வலென்சியா நகரத்தில் ஒன்பது வருடம் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். பிரிட்டனின் நர்ஸ் பதிவு மன்றம் 2016-இல் ஐரோப்பிய நாட்டு நர்ஸ்களிடமும் ஆங்கிலத் திறனுக்குச் சான்று கேட்கத் தொடங்கியதும் என் வகுப்பில் பாதிப்பேர் நர்ஸ்கள்தான். அவர்களோடு முதல் நாளே ஒரு விளையாட்டு வைப்பேன். நான் நோயாளி. 'ஐ த்ரூ அப் ட்வைஸ், தென் ஐ பாஸ்ட் அவுட், அண்ட் ஐ கேம் ரவுண்ட் ஆன் த கிச்சன் ஃப்ளோர்' என்று முனகுவேன். இரண்டு முறை வாந்தி எடுத்தேன், மயங்கி விழுந்தேன், சமையலறைத் தரையில் கண் விழித்தேன். அவ்வளவுதான் விஷயம். வகுப்பில் மௌனம். ஒருவர் மட்டும், 'எதையோ மேலே எறிந்தாராம்' என்பார்.

அதே செய்தியை 'ஐ வாமிட்டட் ட்வைஸ், லாஸ்ட் கான்ஷியஸ்னஸ்' என்று சொன்னால் அத்தனை பேரும் பேனாவை எடுத்துவிடுவார்கள். காரணம், வாந்தி எடுப்பது ஸ்பானிஷில் 'போமிட்டார்', சுயநினைவு 'கொன்தியென்தியா'. இரண்டும் லத்தீன் வீட்டுப் பிள்ளைகள். இங்கே பிரச்சினை தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். நமக்கு டாக்டர் பேசும் ஆங்கிலம் கடினம், பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது சுலபம் என்று தோன்றும். ஸ்பானிஷ்காரருக்கு டாக்டர் பேசுவது அல்வா, பாட்டி பேசுவது இரும்புக் கடலை.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பின் பல நூற்றாண்டுகளாக பிரெஞ்சும் லத்தீனும் ஆங்கிலத்துக்குள் கொட்டின. சட்டம், மருத்துவம், தேவாலயம், கல்வி எல்லாம் அந்தச் சொற்களால் நிரம்பின. அடுப்படியிலும் படுக்கையிலும் வயல்வரப்பிலும் பழைய ஜெர்மானியச் சொற்களே நின்றன. ஆங்கிலம் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொண்டால், ஸ்பானிஷ்காரர் நேராக மாடிக்கு வந்து இறங்குகிறார். கீழே வீட்டுக்காரர்கள் குடியிருக்கும் தளம் அவருக்குப் பழக்கமே இல்லை. சமஸ்கிருதம் மட்டும் தெரிந்த ஒருவர் தமிழ் கற்றுக்கொண்டு வந்து, 'தங்களுக்கு உதரத்தில் வேதனை உள்ளதா?' என்று உங்கள் அம்மாவிடம் கேட்டால் எப்படி இருக்கும்? தப்பே இல்லை. ஆனால் அம்மா உங்களைத் திரும்பிப் பார்ப்பார். உங்கள் தோழி 'ப்ளீஸ் ரிமூவ் யுவர் ஷர்ட்', 'எக்ஸ்டெண்ட் யுவர் ஆர்ம்' என்று சொல்லும்போது ஆங்கிலப் பாட்டிக்கு அப்படித்தான் கேட்கிறது. போலீஸ்காரர் பேசுவது மாதிரி. 'டேக் இட் ஆஃப் ஃபார் மீ, லவ்' என்றால் அதே பாட்டி சிரித்துக்கொண்டே கழற்றுவார்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. லத்தீன் உறவுச் சொற்களும் எப்போதும் நம்பத்தக்கவை அல்ல. 'கொன்ஸ்திபாதோ' என்றால் ஸ்பெயினில் ஜலதோஷம். ஆங்கிலத்தில் அதே உருவம் மலச்சிக்கல். 'இன்தொக்ஸிகாதோ' என்றால் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் போனது என்று பொருள் கொள்ளலாம். ஆங்கிலத்தில் போதை. 1980-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஒரு 18 வயது கியூப இளைஞனைப் பற்றி அவன் வீட்டார் இந்தச் சொல்லைச் சொல்ல, மருத்துவர்கள் போதைமருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கைகால்கள் செயலிழந்து போயின. மருத்துவ மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்களில் இந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள்.

சரி, ஃப்ரேசல் வெர்புக்கு வருவோம். ஒரு சாதாரண வினை, அதன் பின்னால் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' என்று ஒரு குட்டிச் சொல். அந்தக் குட்டிச் சொல்லை நான் வகுப்பில் 'கோலா' என்பேன். ஸ்பானிஷில் வால் என்று பொருள். வால் மாறினால் விலங்கே மாறிவிடும். இது அயல்மொழிக்காரர்களுக்குப் பெரும் தொல்லை என்பதை சாமுவேல் ஜான்சனே 1755-இல் தன் அகராதியின் முன்னுரையில் ஒப்புக்கொண்டு, அதனாலேயே இவற்றை மெனக்கெட்டுத் திரட்டியதாக எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் தோழியிடம் முதலில் சொல்ல வேண்டியது: இதில் அவர் தவறு ஒன்றுமில்லை.

அவர் மூளை ஏன் அந்த வாலைக் கண்டுகொள்வதில்லை என்பதற்கு நல்ல விளக்கம் ஒன்று உண்டு. லியோனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில் வருவது. ஒரு பாட்டில் மிதந்து ஒரு குகைக்குள் போகிறது. ஆங்கிலம் 'ஃப்ளோட்டட் இன்டு' என்கிறது. மிதப்பது வினையில் இருக்கிறது, உள்ளே போவது வாலில் இருக்கிறது. ஸ்பானிஷ் 'என்த்ரோ ஃப்ளோதாந்தோ' என்கிறது. நுழைந்ததுதான் முதன்மை வினை, மிதந்தபடி என்பது ஒட்டு. இப்போது தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'மிதந்துகொண்டே உள்ளே நுழைந்தது.' நாமும் ஸ்பானிஷ் கட்சிதான்! 'ஆற்றை நீந்திக் கடந்தாள்' என்போம். அவர்களும் 'நீந்திக் கடந்தாள்' என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலேயர் மட்டும் 'ஸ்வாம் அக்ராஸ்' என்று கடத்தலை ஒரு வாலில் கட்டி அனுப்பிவிடுவார்.

இது ஏதோ பல்கலைக்கழக விஷயம் என்று நினைக்க வேண்டாம். வார்டில் ஒவ்வொரு மணி நேரமும் நடப்பதுதான். 'ஷி லிம்ப்ட் இன்': நொண்டிக்கொண்டே வந்தார். 'தே வீல்ட் ஹிம் ஆஃப்': சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். தோழியின் காது வினையில் திசையைத் தேடுகிறது. ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு என்பதற்கெல்லாம் ஸ்பானிஷில் தனித்தனி வினை உண்டு, தமிழைப் போலவே. ஆங்கிலத்தில் திசை வினையில் இல்லை. வாக்கியத்தின் கடைசியில், சின்னதாக, பெரும்பாலும் முந்தைய சொல்லோடு ஒட்டி ஒலிக்கும் ஓர் அசையில் கிடக்கிறது. 'புட் இட் ஆன்' என்பது காதில் 'புடிடான்' என்றுதான் விழும். அதில் 'ஆன்' எங்கே என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மனப்பாடப் பட்டியல் இதற்கு உதவவே உதவாது. பட்டியலில் சொற்கள் இடைவெளி விட்டு அச்சாகியிருக்கும். வார்டில் எவரும் இடைவெளி விட்டுப் பேசுவதில்லை.

கற்பவர்கள் இதிலிருந்து நழுவி ஓடுவதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1985-இல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில் ஹீப்ரு பேசும் மாணவர்கள் ஃப்ரேசல் வெர்பைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினையையே எடுத்தார்கள். அவர்கள் மொழியில் அப்படி ஒன்று இல்லாததுதான் காரணம் என்றார்கள். 1989-இல் டச்சுக்காரர்களைச் சோதித்தபோது வேடிக்கை. டச்சு மொழியில் இது உண்டு. ஆனாலும் தங்கள் மொழியில் இருப்பதைப் போலவே இருந்த சிலவற்றை, 'இவ்வளவு ஒத்துப்போகுமா?' என்ற சந்தேகத்தில் தவிர்த்தார்கள். இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

அந்தப் பயத்தை எடுக்க நான் கண்ட வழி, 'இது உன் மொழியிலேயே இருக்கிறது' என்று காட்டுவது. இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, முன்னொட்டு. ஸ்பானிஷில் 'போனெர்' என்றால் வை. 'போஸ்போனெர்' தள்ளிப்போடு, 'எக்ஸ்போனெர்' வெளியே வைத்துக் காட்டு, 'இம்போனெர்' மேலே சுமத்து, 'கொம்போனெர்' சேர்த்து அமை. ஒரே வினை, முன்னால் லத்தீன் காலத்து வால்கள். ஆங்கிலத்தில் 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் ஆன்', 'புட் டுகெதர்' என்பதும் அதே வித்தைதான். பொருள்கள் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தாது என்பது வேறு. ஸ்பானிஷில் வால் முன்பக்கம் ஒட்டி இறுகிவிட்டது, ஆங்கிலத்தில் பின்பக்கம் தளர்வாக ஆடுகிறது. வகுப்பில் இதைச் சொன்ன அன்று, பல வருடங்களாகத் தேர்வில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, 'அப்போது எங்களுக்கும் வால் இருக்கிறது' என்றார். பின்வரிசையில் ஒரே சிரிப்பு.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ஸ்பானிஷில் 'ஸே' என்று ஒரு ஒட்டு. 'கொமெர்' சாப்பிடு. 'கொமெர்ஸே' மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிடு. 'இர்' போ. 'இர்ஸே' போய்விடு, கிளம்பிவிடு. 'தோர்மிர்' தூங்கு. 'தோர்மிர்ஸே' தூங்கிப்போ. ஆங்கிலத்தில் 'ஈட்', 'ஈட் அப்'. 'கோ', 'கோ அவே'. 'ஸ்லீப்', 'ட்ராப் ஆஃப்'. தமிழில் நாம் 'விடு', 'போ', 'கொள்' என்று துணைவினை போடும் இடத்தில் அவர் 'ஸே' போடுகிறார், ஆங்கிலேயர் வால் போடுகிறார். 'சாப்பிட்டேன்' என்பதற்கும் 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு எவரும் இலக்கணம் போட்டுச் சொல்லித்தரவில்லை. அதே நுட்பம் தோழிக்கும் அவர் மொழியில் கைவந்ததுதான். பாலம் ஏற்கெனவே இருக்கிறது, ஆள் நடக்கத்தான் இல்லை.

இன்னொரு சின்ன வேடிக்கை. ஸ்பெயினில் பேச்சுவழக்கில் 'சுபிர் அர்ரிபா' என்பார்கள், 'மேலே ஏறு' என்பதைப் போல. ஏறு என்றாலே மேலேதானே என்று பள்ளி ஆசிரியர்கள் தலையில் குட்டுவார்கள். சிறுவயதில் அந்தக் குட்டு வாங்கியவர்களுக்குத்தான் 'ஸ்டாண்ட் அப்', 'சிட் டவுன்' என்பதில் அந்த வால் வீண் என்று தோன்றி விட்டுவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம். நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

இனி எப்படிப் படிப்பது. பாடப்புத்தகங்கள் வினையை வைத்து அட்டவணை போடும்: 'கெட் அப், கெட் ஆஃப், கெட் ஓவர், கெட் பை' என்று ஒரே பக்கத்தில் இருபது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எல்லாம் ஒரே முகமாக இருப்பதால் ஒன்றோடொன்று குழம்பும். வினையை விடுங்கள், வாலைப் பிடியுங்கள்.

'ஆஃப்' என்பதை எடுத்துக்கொள்வோம், வார்டுக்கு மிகவும் வேண்டியது. ஸ்பெயினில் 'ஆஃப்' என்றால் விளக்கை அணைப்பது, அவ்வளவுதான் தெரியும். ஆனால் இதன் உயிர், இருந்த இடத்திலிருந்து கழன்றுபோவது. சட்டை கழன்றால் 'டேக் ஆஃப்'. வலிமாத்திரையின் வேகம் கழன்றுபோனால் 'வேர் ஆஃப்'. சாப்பாட்டின் மேலிருந்த ஆசை கழன்றால் 'ஐ ஹேவ் கான் ஆஃப் மை ஃபுட்'. மாத்திரையை நிறுத்தினால் 'கம் ஆஃப்'. விழிப்பிலிருந்து கழன்று தூக்கத்தில் விழுந்தால் 'ட்ராப் ஆஃப்'. பால் திரிந்தால் 'கோ ஆஃப்'. அப்புறம் அந்தப் பொல்லாத அலாரம். 'தி அலார்ம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது. அணைந்தது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்களை நான் அறிவேன். விசை கழன்று வேட்டு வெடிப்பதை நினைத்துக்கொள் என்று சொல்லித்தருவேன். அதன் பிறகு மறப்பதில்லை.

'அவுட்' வந்தால் விளக்கு அணைவதையோ ஒன்று வெளிப்படுவதையோ நினைக்கச் சொல்லுங்கள். நினைவு அணைந்தால் 'பாஸ் அவுட்', 'ப்ளாக் அவுட்'. உடம்பில் தடிப்பு வெளிப்பட்டால் 'கம் அவுட் இன் அ ராஷ்'. குடல்வாலை எடுத்திருந்தால் 'ஐ ஹேட் மை அப்பெண்டிக்ஸ் அவுட்'. இந்த நோய் இல்லை என்று ஒதுக்கினால் 'ரூல் அவுட்'.

'அப்' கொஞ்சம் அடங்காத பிள்ளை. மேலே வருவது, முழுமையாவது, அதிகமாவது மூன்றையும் செய்யும். வீங்கினால் 'ஸ்வெல் அப்', எழுந்து உட்கார்ந்தால் 'சிட் அப்'. இருமும்போது சளி வருகிறதா என்று கேட்க 'ஆர் யு ப்ரிங்கிங் எனிதிங் அப்?' இதே 'ப்ரிங் அப்' பிள்ளை வளர்ப்பதற்கும் பேச்சை எடுப்பதற்கும் வரும் என்று அன்றே சொல்ல வேண்டாம். அது வேறு நாள், வேறு பக்கம். 'மை நீஸ் ப்ளேயிங் அப்' என்றால் முழங்கால் விளையாடவில்லை, படுத்துகிறது. ஸ்பானிஷில் 'தார் கெர்ரா' என்பார்கள், போர் கொடுக்கிறது என்று. தமிழ், ஸ்பானிஷ், ஆங்கிலம் மூன்றிலும் அந்த முழங்கால் ஒரு குறும்புக்காரப் பிள்ளையாகவே இருக்கிறது பாருங்கள்.

எத்தனை படிப்பது? 500 தேவையில்லை. 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுப்பு ஒன்றை வைத்து 2007-இல் வெளிவந்த ஆய்வு, வெறும் 20 வினைகளும் 8 வால்களும் சேர்ந்தே அதில் உள்ள ஃப்ரேசல் வெர்ப் பயன்பாட்டில் பாதிக்கு மேல் கொடுத்துவிடுகின்றன என்றது. 2015-இல் இரண்டு ஆய்வாளர்கள் மிக அதிகம் புழங்கும் 150-ஐ மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் மக்கள் பயன்படுத்தும் பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு, மொத்தம் 288 பொருள் என்று முடித்தார்கள். அகராதியைத் திறந்தால் ஒரே சொல்லுக்குப் பதினைந்து பொருள் நிற்கும் இடத்தில் இது பெரிய ஆறுதல். ஆனால் அந்த 150-லும் 'த்ரோ அப்' மாதிரி வார்டுச் சொற்கள் கிடைக்கும் என்று நம்பிவிட வேண்டாம். அவற்றை வார்டிலிருந்துதான் பொறுக்க வேண்டும்.

நான் நர்ஸ்களுக்குச் சொன்னது இது: பாக்கெட்டில் அடங்கும் ஒரு நோட்டு. ஒரு ஷிஃப்டுக்கு மூன்று வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். சொல்லை எழுதக்கூடாது, காதில் விழுந்த முழு வாக்கியத்தையும் எழுத வேண்டும். எதிரே ஸ்பானிஷில், தன் ஊர் மருத்துவமனையில் ஒரு பாட்டி இதை எப்படிச் சொல்வாரோ அப்படி எழுத வேண்டும். அகராதிப் பொருள் எழுதினால் மறுபடி மாடிக்கே போய்விடுவார். நோயாளியின் பெயரோ விவரமோ நோட்டில் வரக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் வேலை இங்கேதான் வருகிறது. ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர் நடக்குமே, அது ஒரு பொன்சுரங்கம். 'ஷி ஹேஸ் பீன் அப் அண்ட் டவுன் ஆல் நைட்', 'கீப் அன் ஐ ஆன் ஹிம்', 'ஹி இஸ் நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்' என்று மூச்சுவிடாமல் கொட்டுவார்கள். கடைசியில் உள்ளதற்கு 'இன்னும் காட்டைத் தாண்டவில்லை' என்று சொல்லர்த்தம். நாம் 'கண்டம் தாண்டவில்லை' என்போம். ஹேண்ட்ஓவர் முடிந்ததும் இரண்டு நிமிடம் தோழியிடம், 'எதை விட்டாய்?' என்று கேளுங்கள். ஆங்கிலேயர்களால் இந்த உதவியைச் செய்ய முடியாது. தாங்கள் ஃப்ரேசல் வெர்ப் பேசுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நீங்களும் அந்த ஆற்றை நீந்திக் கடந்தவர்.

பேசுவதற்கு மிகக் கொஞ்சம் போதும். 'கம் இன்', 'சிட் அப்', 'லை பேக்', 'ரோல் ஓவர்', 'ஹோல்ட் ஆன் டு மீ', 'டேக் இட் ஆஃப்', 'புட் இட் ஆன்' என்று ஒரு முப்பது. கூடவே பிரிட்டிஷ் நர்ஸ்களின் தேசிய வினையான 'பாப்'. சட்டென்று ஏறுவதற்கும் எதையாவது வைப்பதற்கும் மாட்டுவதற்கும் அதுதான். 'பாப் அப் ஆன் த பெட்', 'ஐ வில் ஜஸ்ட் பாப் திஸ் ஆன்.' எந்தப் பட்டியலிலும் இதற்கு உரிய இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை, வார்டிலோ இதில்லாமல் ஒரு நாள் ஓடாது. இலக்கணத்தில் ஒன்றே ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் நடுவில்தான் வரும்: 'புட் இட் ஆன்'. ஸ்பானிஷில் அந்தச் சுட்டு வினைக்கு முன்போ வினையோடு ஒட்டியோ வருமே தவிர நடுவில் நுழைக்க இடமே கிடையாது. அதனால் 'புட் ஆன் இட்' என்று வந்துவிழும். 'லுக் ஆஃப்டர் ஹிம்' மாதிரி பிரிக்க முடியாதவை தனி ரகம். அவற்றுக்கு விதி சொல்லிக் குழப்புவதைவிட வாக்கியமாகவே பழக்கிவிடலாம். எழுத்திலும் டாக்டரிடம் பேசும்போதும் அவர் தன் லத்தீன் சொற்களையே வைத்துக்கொள்ளட்டும். அங்கே அது அழகு.

மரபுத்தொடர்களைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படமாட்டேன். புரிந்தால் போதும், பேச வேண்டியதில்லை. புதிதாக வந்தவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் பழமொழி செருகினால் கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் விடாமல் ஊதுவது போல இருக்கும். பல ஸ்பானிஷிலும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கின்றன. பனியை உடைப்பது, முதலைக் கண்ணீர் விடுவது எல்லாம் இரண்டிலும் ஒன்று. சிலவற்றில் படம் மட்டும் மாறும். ஆங்கிலத்தில் சுலபமான வேலை ஒரு துண்டு கேக், ஸ்பானிஷில் 'பான் கொமிதோ', தின்றுமுடித்த ரொட்டி. ஆங்கிலப் பூனைக்கு ஒன்பது உயிர், ஸ்பெயின் பூனைக்கு ஏழுதான். கேலி செய்வதை ஆங்கிலேயர் காலை இழுப்பது என்பார், ஸ்பானியர் 'தொமார் எல் பேலோ', முடியைப் பிடிப்பது என்பார். நாமும் காலைத்தான் வாருகிறோம், ஆனால் நம் ஊரில் அதில் கேலியோடு துரோகமும் உண்டு.

கவனிக்க வேண்டியவை பாதி ஒத்துப்போகிறவை. 'மேகத்தில் இருக்கிறான்' என்றால் ஸ்பானிஷில் கவனம் எங்கோ இருக்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் ஒன்பதாம் மேகத்தில் இருப்பவர் ஆனந்தத்தில் இருக்கிறார். ஆபாச நகைச்சுவை ஆங்கிலத்தில் நீலம். ஸ்பானிஷில் 'சிஸ்தே பெர்தே', பச்சை. தமிழிலும் பச்சை பச்சையாகப் பேசுவது என்றுதானே சொல்கிறோம்! மாட்ரிட்டும் மதுரையும் எந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன பாருங்கள்.

வார்டில் முக்கியமானது வயதானவர்களின் இடக்கரடக்கல். என் பழைய மாணவி ஒருவர் சொன்னது: ஒரு பாட்டி 'ஐ நீட் டு ஸ்பெண்ட் அ பென்னி' என்றிருக்கிறார். இவர் ஓடிப்போய்ப் பாட்டியின் பணப்பையை எடுத்து வந்து கையில் கொடுத்துவிட்டார். பழைய பிரிட்டிஷ் பொதுக் கழிப்பறைகளில் கதவுப் பூட்டில் ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும். பாட்டி ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பணப்பையை வைத்துக்கொண்டு பாட்டி பொறுத்திருந்தாரா என்பதை மாணவி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மரணத்தைப் பற்றிய தொடர்கள் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். செத்துப்போவதை ஆங்கிலத்தில் வாளியை உதைப்பது என்பார்கள். அதற்கு ஸ்பானிஷில் 'எஸ்திரார் லா பாத்தா', காலை நீட்டிவிடுவது. தமிழில் மண்டையைப் போடுவது. சொந்த மொழியில் எந்த வீட்டில், யார் முன்னால் இதைச் சொல்லக்கூடாது என்று தெரியும். அடுத்த மொழியில் அந்தத் தராசு கைக்கு வர வருடக்கணக்கு ஆகும். உறவினரிடம் 'பாஸ்ட் அவே', எழுத்தில் 'டைட்' (இறந்தார்). இரண்டு போதும்.

புரியாத இடத்தில் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 'டு யு மீன் யு வாமிட்டட்?' என்று தனக்குத் தெரிந்த மாடிச் சொல்லால் திருப்பிக் கேட்கலாம். நோயாளி 'ஆமாம்' என்பார், ஒரு புதுச் சொல்லும் கிடைத்துவிடும். தலையாட்டிவிட்டுப் போவதுதான் ஆபத்து.

வீட்டில் டிவி தொடர்கள் பார்க்கட்டும், ஆனால் ஸ்பானிஷ் குரலில் அல்ல. ஸ்பெயினில் 1941-இல் பிராங்கோ ஆட்சி வெளிநாட்டுப் படங்களுக்கு டப்பிங்கைக் கட்டாயமாக்கியது. சட்டம் சில வருடங்களில் போனாலும் பழக்கம் போகவில்லை. ஹாலிவுட் நடிகர்கள் எல்லாரும் ஸ்பானிஷில் பேசித்தான் அவர் வளர்ந்திருப்பார். காது பழகாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆங்கில ஒலி, திரையின் அடியில் ஆங்கில எழுத்து, ஏதாவது ஒரு மருத்துவமனைத் தொடர். ஒரு காட்சியை இரண்டு முறை. முதல் முறை எழுத்தில்லாமல், வாலை மட்டும் எண்ணிக்கொண்டு.

கடைசியாக ஒன்று. இது உங்களுக்கு. 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது என்று தோழிக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு முன், உங்கள் பயோடேட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நம் ஊர் வழக்கப்படி, நர்சிங் காலேஜில் எந்த வருடம் 'பாஸ்ட் அவுட்' ஆனீர்கள் என்று அதில் எழுதியிருப்பீர்கள். அதை 'கிராஜுவேட்டட்' என்று மாற்றிவிடுங்கள்.